பேட்டரி குறைந்ததும் போன் ஏன் மாறிப்போகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சார்ஜ் 15, 20 சதவீதத்துக்கு இறங்கியதும் பல போன்கள் வேறு போன் மாதிரி ஆகிவிடுகின்றன. மெசேஜ் தாமதமாக வரும், திரை மங்கும், மேப் பாதி வழியில் நின்றுவிடும், டார்ச் எரியாது. இவற்றில் பெரும்பாலானவை பழுது இல்லை. மிச்சமிருக்கும் சார்ஜை இழுத்துப் பிடிக்க போன் எடுத்த முடிவுகள் இவை. ஆனால் உங்களுக்கு எது முக்கியம் என்று போனுக்குத் தெரியாது. வேலைக்கான மெசேஜும் விளையாட்டு ஆப்பின் அறிவிப்பும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எதை நிறுத்தக் கூடாது என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல், போன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீசெட் செய்து, சேர்த்து வைத்த படங்களையெல்லாம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலை யாருக்கும் வரக் கூடாது.

முதலில் ஒரு சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். போனைச் சார்ஜரில் போடுங்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்து "பேட்டரி சேவர்" ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சில போன்களில் இதற்கு "பவர் சேவிங்" என்று பெயர். ஐபோனில் "லோ பவர் மோட்". ஐபோனில் மேலே இருக்கும் பேட்டரிப் படம் மஞ்சளாக இருந்தால் அந்த மோட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஆஃப் செய்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தகராறு செய்த அதே வேலையை மறுபடி செய்து பாருங்கள்.

தொல்லை போய்விட்டால் காரணம் சேவர்தான். போகவில்லை என்றால் ஆப்பின் தனி அமைப்பு, பேட்டரியின் வயது, சார்ஜர் என்று வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. இரண்டு வகையும் கீழே வருகின்றன.

"மெசேஜ் எல்லாம் போனைத் திறந்த பிறகுதான் மொத்தமாக வந்து கொட்டுகிறது"

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். இதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்ட் போனில் பேட்டரியைக் காக்கும் ஏற்பாடு மூன்று அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு நமக்குத் தெரிந்த பேட்டரி சேவர். 2014இல் ஆண்ட்ராய்ட் 5.0 உடன் வந்தது. பின்னணியில் கிடக்கும் ஆப்களுக்கு இணையம் கிடைப்பதை இது குறைக்கும். இரண்டாவது அடுக்குக்கு டோஸ் என்று பெயர், 2015இல் ஆண்ட்ராய்ட் 6.0 உடன் வந்தது. சார்ஜரில் இல்லாத போன், திரை அணைந்து, மேசையில் அசையாமல் கிடந்தால் ஆப்களின் வேலைகளை ஒத்திப்போட்டு, இடையிடையே கொஞ்ச நேரம் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்ய விடும். சார்ஜ் 90 சதவீதம் இருந்தாலும் இது நடக்கும். 2018இல் வந்த ஆண்ட்ராய்ட் 9 இன்னொன்றையும் சேர்த்தது: நீங்கள் எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து, அரிதாகத் திறப்பவற்றின் கையைக் கட்டிவிடும். மூன்றாவது அடுக்கு, போன் கம்பெனிகள் சொந்தமாகச் சேர்த்தது. சாம்சங்கில் "ஸ்லீப்பிங் ஆப்ஸ்", "டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்". ஷாவ்மியில் "ஆட்டோஸ்டார்ட்" அனுமதி. மற்ற கம்பெனி போன்களிலும் இதே மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும்.

வாட்ஸ்அப் மாதிரியான ஆப்கள் மெசேஜை அவசரம் என்று குறியிட்டு, கூகுளின் பொதுவான அறிவிப்பு வழியாக அனுப்புகின்றன. அந்தக் குறி இருந்தால் டோஸில் தூங்கும் போனும் விழித்துக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு அடுக்குகளால் வாட்ஸ்அப் நிற்பது குறைவு. நிறுத்துவது பெரும்பாலும் மூன்றாவது அடுக்குதான். அது ஆப்பையே முழுதாக மூடிவிடுகிறது. மூடிய ஆப்புக்கு அறிவிப்பு போய்ச் சேராது. மின்னஞ்சல் கதை வேறு. குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வரும்படி வைத்திருக்கும் மின்னஞ்சல் ஆப்கள் முதல் அடுக்கிலேயே தாமதமாகும்.

சரி, என்ன செய்வது? செட்டிங்ஸில் "ஆப்ஸ்" திறந்து, உங்களுக்குத் தவறவே கூடாத ஆப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் "பேட்டரி" பகுதியில் "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றுங்கள். டோஸ், பேட்டரி சேவர் இரண்டின் கட்டுப்பாடும் அந்த ஆப்புக்குத் தளரும். சாம்சங்கில் கூடுதலாக, "பேட்டரி" பகுதியில் "பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்" போய், அந்த ஆப்பை ஒருபோதும் தூங்க வைக்கக் கூடாதவை பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஷாவ்மியில் "ஆட்டோஸ்டார்ட்" ஆன் செய்து, பேட்டரி சேவரில் "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" கொடுங்கள். இந்தச் சலுகையை எல்லா ஆப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு, மூன்று போதும். எல்லோருக்கும் விலக்கு கொடுத்த பிறகு சேவர் இருந்தும் பயனில்லை.

இன்னொரு பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். சார்ஜ் மிச்சமாகும் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை எல்லாம் அடிக்கடி துடைத்துத் தள்ளுவதை விட்டுவிடுங்கள். மறுபடி திறக்கும்போது ஆப் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால் சார்ஜ் இன்னும் கொஞ்சம் கூடவே செலவாகும். சில போன்களில் துடைத்துத் தள்ளுவதே ஆப்பை மூடியதாகக் கணக்கு. அதற்கப்புறம் மெசேஜ் வராது. பேட்டரியைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் "கிளீனர்", "பூஸ்டர்" ஆப்கள் செய்வதும் இதே வேலைதான். அவற்றை நீக்கிவிடுவது நல்லது.

ஐபோனில் லோ பவர் மோட் அறிவிப்புகளைத் தடுக்காது. அது நிறுத்துவது மின்னஞ்சலைத் தானாகப் போய் எடுப்பதையும், ஆப்கள் பின்னணியில் தங்களைப் புதுப்பித்துக்கொள்வதையும். ஆகவே வாட்ஸ்அப் வரும். செய்தி ஆப்பைத் திறந்தால் பழைய செய்தி ஒரு நொடி தெரிந்து பிறகு மாறும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மெசேஜ் வரவில்லையா? "டேட்டா சேவர்" ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இது இணையச் செலவைக் குறைக்க வந்தது, பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெளியே தெரியும் அறிகுறி அதேதான். வீட்டு வைஃபையில் மெசேஜ் ஒழுங்காக வந்து, வெளியே போனால் மட்டும் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

"ஓடிபி வரவில்லை, சேவர்தான் காரணமா?"

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி என்றால் சேவர் காரணம் இல்லை. எஸ்எம்எஸ்ஸும் அழைப்பும் நேராக மொபைல் நெட்வொர்க்கில் வருபவை. சேவர் அவற்றைத் தடுப்பதில்லை. சிக்னலைப் பாருங்கள், ஃப்ளைட் மோடை ஒருமுறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். மின்னஞ்சலில் வரும் ஓடிபி தாமதமானால் மட்டும் மேலே சொன்னவை பொருந்தும். அப்போது மின்னஞ்சல் ஆப்பைத் திறந்து கீழ்நோக்கி ஒருமுறை இழுத்தாலே வந்துவிடும்.

"ஆப் எல்லாம் காணாமல் போய்விட்டது, திரை கறுப்பாக இருக்கிறது"

வீட்டில் பெரியவர்கள் பதறிப்போவது இதில்தான். சாதாரண சேவருக்கு மேலே "அல்ட்ரா", "எக்ஸ்ட்ரீம்" என்று இன்னொரு படி பல போன்களில் உண்டு. பேட்டரி மிகக் குறைந்திருக்கும்போது வரும் அறிவிப்பில் கை பட்டாலே அது ஆன் ஆகிவிடலாம். அப்போது முகப்புத் திரையே மாறி, கறுப்புப் பின்னணியில் அழைப்பு, மெசேஜ், தொடர்புகள் என்று நாலைந்து ஆப் மட்டும் நிற்கும். வேறு சில போன்களில் ஆப் படங்கள் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் தெரியும், தொட்டால் திறக்காது.

ஒன்றும் அழியவில்லை. படங்கள், மெசேஜ்கள், வங்கி ஆப் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கின்றன. அந்தத் திரையிலேயே "எக்சிட்" அல்லது "டர்ன் ஆஃப்" என்று ஒரு பொத்தான் இருக்கும். இல்லையென்றால் மேலிருந்து இழுத்து சேவரை அணைக்கலாம். பழைய திரை வர சில நொடிகள் ஆகும். அம்மாவோ தாத்தாவோ தனியாக இருக்கும் வீடு என்றால், அடுத்த முறை நேரில் போகும்போது இந்த மோடை ஒருமுறை ஆன் செய்து, வெளியே வரும் வழியை அவர்கள் கையாலேயே செய்ய வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள். கடைசியாக ஒன்று: இந்த அறிகுறிக்கு ஃபேக்டரி ரீசெட் ஒருநாளும் தீர்வு ஆகாது. கடையில் யாராவது அப்படிச் சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

"மேப் நின்றுவிடுகிறது, நடந்த தூரம் தப்பாகக் காட்டுகிறது"

பேட்டரி சேவர் ஆனில் இருக்கும்போது, திரை அணைந்ததும் லொகேஷனை நிறுத்திவிடும் போன்கள் பல உண்டு. திரை எரிந்துகொண்டிருக்கும்வரை வழிகாட்டல் ஒழுங்காக ஓடும். பைக்கில் போகும்போது போனைச் சட்டைப் பையில் போட்டுக் குரலை மட்டும் கேட்டு ஓட்டினால் நடுவழியில் அமைதியாகிவிடும். நடைப்பயிற்சிப் பதிவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வளைந்து வளைந்து நடந்த பாதை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடாக விழுந்திருக்கும். திரை அணைந்திருந்த நேரம் அது.

உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், ஆட்டோ, டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இது வருமானத்தையே தொடும் விஷயம். வேலை ஆப்புக்கு "அன்ரெஸ்ட்ரிக்டட்" கொடுத்து, லொகேஷன் அனுமதியை "ஆல்வேஸ்" என்று வைத்து, வேலை நேரத்தில் சேவர் தானாக ஆன் ஆவதை அணைத்து வையுங்கள். வண்டியில் சார்ஜர் வைப்பதுதான் நிலையான தீர்வு. வெளியூர்ப் பயணம் என்றால் கிளம்பும் முன்பே அந்தப் பகுதியின் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் இணையத்துக்காக ஆகும் செலவு குறையும்.

"அலாரம் அடிக்குமா? மாத்திரை நேரம் தவறிவிட்டது"

போனோடு வரும் கடிகார ஆப்பின் அலாரம் சேவரிலும் டோஸிலும் அடிக்கும். அதற்கென்றே தனி வழி இருக்கிறது. சிக்கல் மற்ற ஆப்களில்: மாத்திரை நினைவூட்டல், தண்ணீர் குடிக்கச் சொல்வது, பிரார்த்தனை நேரம் சொல்வது. இவற்றின் மணி தள்ளிப்போகலாம். தவறவே கூடாத மாத்திரைக்குக் கடிகார ஆப்பிலேயே தினசரி அலாரம் வைத்து, அதற்கு மாத்திரையின் பெயரைக் கொடுங்கள். உடம்பில் ஒட்டிய சென்சார் வழியாகச் சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் ஆப் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரவில் அளவு இறங்கும்போது எழுப்ப வேண்டிய ஆப் அது. அதற்குக் கட்டாயம் விலக்கு கொடுங்கள், தூங்கும் முன் போனைச் சார்ஜரில் போடுங்கள்.

சார்ஜ் தீர்ந்து போன் முழுதாக அணைந்துவிட்டால் பெரும்பாலான போன்களில் எந்த அலாரமும் அடிக்காது. விடியற்காலை ரயில் என்றால் இதை மறந்துவிடாதீர்கள்.

"போன் மெதுவாகிவிட்டது, ஸ்க்ரோல் செய்தால் தடுக்கிறது"

சேவர், பிராசஸரின் வேகத்தைக் குறைக்கும். சாம்சங்கில் 70 சதவீதமாகக் குறைக்கும் தெரிவு வெளிப்படையாகவே இருக்கிறது. ஸ்க்ரோல் தடுப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: திரை நொடிக்கு 120 முறை புதுப்பித்துக்கொள்ளும் போன்களில், சேவர் அதை 60க்கு இறக்கிவிடும். 120க்குப் பழகிய கண்ணுக்கு அது தடுக்குவது போலத்தான் தெரியும். சேவரை அணைத்ததும் இரண்டும் சரியாகும்.

சேவர் ஆஃபில் இருந்தும் பழைய ஐபோன் மெதுவாக இருந்தால் காரணம் வேறு. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, தேய்ந்த பேட்டரி உள்ள ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. பயனாளர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஆப்பிள் வெளிப்படையாக விளக்கி, மன்னிப்பும் கேட்டது. 2018இல் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கத்தைச் சேர்த்தது. செட்டிங்ஸில் "பேட்டரி", "பேட்டரி ஹெல்த்" என்று போனால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பி வரும். மெதுவாகிவிட்டது என்று புதுப் போன் வாங்கும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்ப்பது பெரும் செலவை மிச்சப்படுத்தலாம்.

"திரை மங்குகிறது, கறுப்பாகிறது, சட்டென்று அணைகிறது"

மூன்றும் சேவரின் வேலை. ஐபோனில் லோ பவர் மோட் இருக்கும்வரை திரை 30 நொடியில் அணையும். அந்த நேரத்தை மாற்றவும் முடியாது. ஆண்ட்ராய்ட் 10 முதல் சேவரோடு டார்க் தீமும் சேர்ந்து வருகிறது.

இந்தக் கறுப்பால் எல்லோருக்கும் பயன் உண்டா என்றால், இல்லை. ஓஎல்இடி திரையில் கறுப்புப் புள்ளி என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று அர்த்தம், சார்ஜ் மிச்சம். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை லேசாக ஒளிர்ந்தால் எல்சிடி. ஓஎல்இடியிலும் பிரைட்னஸைப் பொறுத்துத்தான் பலன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பிரைட்னஸ் முழுதாக இருக்கும்போது டார்க் மோட் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மிச்சப்படுத்தியது. பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதமாக இருக்கும்போது மிச்சம் வெறும் 3 முதல் 9 சதவீதம். வெயிலில் நின்று பார்ப்பவருக்கு அது உதவும். வீட்டுக்குள் பிரைட்னஸைக் குறைத்தாலே போதும்.

"டார்ச், ஃபிளாஷ், 5ஜி வேலை செய்யவில்லை"

டார்ச்சும் கேமரா ஃபிளாஷும் ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் இழுப்பவை. சார்ஜ் மிகக் குறைந்ததும் சில போன்கள் அவற்றைப் பூட்டிவிடும். சார்ஜரில் போட்டால் திறக்கும். இருட்டில் அவசரம் என்றால் வெள்ளைப் படம் ஒன்றை முழுத் திரையில் வைத்து வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். 5ஜி போய் 4ஜி காட்டுவதும் சேவரின் வேலைதான். விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் 4ஜியே நல்லது.

"வாட்ச் துண்டித்துக்கொள்கிறது, படங்கள் மேலே ஏறவில்லை"

வாட்சின் துணை ஆப்பைப் போன் மூடிவிடுகிறது. அதற்கும் ஒரு விலக்கு கொடுத்தால் சரியாகும். படங்கள் கிளவுடுக்கு ஏறுவதைச் சேவர் வேண்டுமென்றே நிறுத்தி வைக்கும். சார்ஜரில் போட்டதும் தொடரும். மேலே ஏறி முடித்ததை நிச்சயப்படுத்தும்வரை போனிலிருந்து படங்களை அழிக்காதீர்கள்.

"சேவர் தானாக வருகிறது, தானாகப் போகிறது"

ஐபோன் 20 சதவீதத்திலும் 10 சதவீதத்திலும் கேட்கும். நீங்கள் ஆன் செய்தால், சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டியதும் தானாக அணையும். ஆண்ட்ராய்டில் எந்தச் சதவீதத்தில் வர வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். பல போன்களில் சார்ஜரில் இருக்கும்போது விலகி நின்று, போதிய அளவு ஏறும் முன் கழற்றினால் மறுபடி வந்துவிடும்.

என் கருத்து இது: 15 சதவீதம் வரை காத்திருந்து சேவரை ஆன் செய்வதில் பெரிய பயன் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5000 எம்ஏஎச் பேட்டரியில் மொத்தம் சுமார் 19 வாட்-மணி இருக்கும். அதில் 15 சதவீதம் என்றால் 3 வாட்-மணிகூட இல்லை. திரை எரிய இணையம் பார்க்கும்போது போன் 2 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சேவர் குறைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பின்னணிச் செலவை. அந்தச் செலவைக் காலையிலிருந்தே குறைத்தால்தான் மாலையில் மிச்சம் தெரியும். நீண்ட நாள் என்று தெரிந்தால் 50, 60 சதவீதம் இருக்கும்போதே ஆன் செய்யுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் சேவரைவிட அதிகம் உதவுவது ஃப்ளைட் மோட். டவர் தூரமாகவோ பலவீனமாகவோ இருந்தால் போன் அதை எட்டிப் பிடிக்கத் தன் ரேடியோவை முழுச் சக்தியில் ஓட்டும். சும்மா கிடந்தே சார்ஜ் கரையும். ஃப்ளைட் மோடில் போட்டு, வீட்டாரோடு பேசி வைத்த நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள். வீட்டில் நாலு போன் இருந்தால் ஒன்றை மட்டும் ஆனில் வைத்து, மற்றவற்றை அணைத்து வையுங்கள். 10000 எம்ஏஎச் பவர் பேங்க், 5000 எம்ஏஎச் போனை இரண்டு முறை நிரப்பிவிடும் என்று நம்பாதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போதும் சூட்டிலும் ஒரு பகுதி போய்விடும். வெளியே உண்மையில் எவ்வளவு தரும் என்பதை "ரேட்டட் கெப்பாசிட்டி" என்று அதன் மேலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

"30 சதவீதம் காட்டும்போதே அணைந்துவிடுகிறது"

இனி வருபவை சேவரைத் தாண்டியவை.

லித்தியம் அயன் பேட்டரி வயதாகும்போது அதன் உள்மின்தடை கூடும். கேமராவைத் திறப்பது, அழைப்பு எடுப்பது மாதிரி ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் தேவைப்படும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவது போலத்தான் இதுவும். போனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே அது இறங்கினால், உள்ளே சார்ஜ் மிச்சமிருந்தும் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். குளிரிலும் இதே நிலை வரும். மார்கழி இரவில் ஊட்டியில் அணைந்த போன், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கியதும் 25 சதவீதம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு முறை மட்டும், போன் தானாக அணையும்வரை பயன்படுத்தி, பிறகு நிறுத்தாமல் முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். சதவீதக் கணக்கு தப்பியிருந்தால் சரியாகும். மாதாமாதம் இப்படிச் செய்யச் சொல்வதைக் கேட்காதீர்கள். அடியோடு காலி செய்வது இந்த வகைப் பேட்டரிக்கு ஆகாது. அப்புறமும் அணைந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் (மொத்தம் 100 சதவீத அளவு சார்ஜ் செலவானால் ஒரு சுற்று), ஐபோன் 15 மாடல்களுடையது 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுற்றுகளைத் தாண்டியும் 80 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மூன்று நான்கு ஆண்டு ஓடிய போனுக்குப் பேட்டரி மாற்றுவது இயல்பான பராமரிப்பு. விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டரியைப் போடாதீர்கள்.

"சார்ஜரில் இருந்தும் ஏறவில்லை, இறங்குகிறது"

எதில் சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பழைய லேப்டாப்பின் சாதாரண யூஎஸ்பி துளை 2.5 வாட் அளவுதான் தரும். ஹாட்ஸ்பாட் போட்டு வீடியோவும் பார்த்தால் போன் அதைவிட அதிகம் இழுக்கும். சுவர் சார்ஜருக்கு மாறுங்கள். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். போனின் துளையில் சேர்ந்த பஞ்சை, போனை அணைத்துவிட்டு, மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், ஊசி வேண்டாம். மே மாத வெயிலில் வண்டியின் முன்பக்கத்தில் மாட்டிய போன் என்றால் சூடுதான் காரணம். ஓர் அளவுக்கு மேல் சூடானால் போன் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். நிழலில் வைத்து ஆற விடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும்.

"முழுதாகத் தீர்ந்த பிறகு ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது"

அடியோடு காலியான பேட்டரியில் போன் முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தைத்தான் விடும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாமல் இருப்பது சகஜம். சார்ஜரில் போட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பொத்தானை அழுத்திப் பார்த்தால் ஏறிய கொஞ்சமும் போய்விடும். பயன்படுத்தாத போனை அலமாரியில் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். பல மாதம் காலியாகவே கிடந்த பேட்டரி திரும்பி வராமலே போகலாம்.

"பின்மூடி உப்பியிருக்கிறது"

இதை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டாலோ, மேசையில் வைத்தால் போன் ஆடினாலோ, பேட்டரிக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. உடனே சார்ஜரிலிருந்து கழற்றி, போனை அணைத்துவிடுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், நீங்களே திறக்காதீர்கள், கிழிந்தால் தீப்பிடிக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல், துணி, காகிதம், மெத்தை அருகே இல்லாமல், தரையிலோ உலோகத் தட்டிலோ வையுங்கள். படங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் மறுபடி ஆன் செய்ய வேண்டாம். பேட்டரியை மாற்றிய பிறகு அவை அப்படியே கிடைக்கும். முடிந்த அளவு சீக்கிரம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய், உப்பியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியை அவர்களிடமே விட்டுவிடுங்கள், வீட்டுக் குப்பையில் போடாதீர்கள்.